ஷேர், பொருளாதாரம், வியாபாரம்: எந்தப் புத்தகத்திலிருந்து ஆரம்பிப்பது?

கேள்வி | 8 ஜூன் 2024

அண்ணன்மார்களே, கோபி பக்கம் அப்பாவோட ஹார்ட்வேர் கடையப் பார்த்துக்கறேன். வயசு 27. போன வருசம் ஷேர் வாங்க டீமேட் கணக்கு ஆரம்பிச்சு 1.80 லட்சம் போட்டேன். ஜூன் 4 எலெக்‌ஷன் ரிசல்ட் அன்னைக்கு மத்தியானம் கை நடுங்கி எல்லாத்தையும் வித்துட்டேன். நேத்து பார்த்தா வித்த விலைக்கு மேல போயிருச்சு. யூடியூப் பார்த்துப் பார்த்து நொந்துட்டேன். பொருளாதாரம், வியாபாரம், ஷேர் மூணையும் அடியிலிருந்து கத்துக்க பத்து புத்தகம் வரிசையாச் சொல்லுங்க. இங்கிலீஷ் மெதுவாத்தான் படிப்பேன்.

8 ஜூன் 2024, இரவு 11.20

பத்தெல்லாம் வேண்டாம் தம்பி. பத்துப் புத்தகத்தை ஒன்றாக வாங்கியவன் ஒன்றையாவது முடித்து நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்து. ஆறு சொல்கிறேன்.

பெஞ்சமின் கிரஹாமின் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. பீட்டர் லிஞ்சின் 'ஒன் அப் ஆன் வால் ஸ்ட்ரீட்'. பர்ட்டன் மால்கீலின் 'எ ரேண்டம் வாக் டவுன் வால் ஸ்ட்ரீட்'. தமிழில் சோம. வள்ளியப்பனின் 'அள்ள அள்ளப் பணம்'. பொருளாதாரத்துக்கு அமர்த்தியா சென்னின் 'பாவர்ட்டி அண்ட் ஃபேமின்ஸ்'. ஆறாவது புத்தகமே இல்லை, அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு வருடாவருடம் எழுதிய கடிதங்கள். 1977 முதல் அவர்கள் கம்பெனி தளத்திலேயே இலவசமாகக் கிடக்கிறது.

ஜூன் 4 அன்று கை நடுங்கியது உனக்கு மட்டும் இல்லை. மும்பைப் பங்குச்சந்தைக் குறியீடான சென்செக்ஸ் ஒரே நாளில் 4,389 புள்ளி விழுந்தது. எங்கள் கம்பெனியில் டிஸ்பேட்ச் பையன் பார்சல் கட்டுவதை விட்டுவிட்டு போனையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றே நாளில், 7ஆம் தேதி, புதிய உச்சத்தில் முடிந்தது. அவனும் விற்றுவிட்டான்.

9 ஜூன் 2024, காலை 7.05

ராத்திரி எழுதியதில் முக்கியமான ஒன்று விட்டுப்போனது. கிரஹாமை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்காதே. நான் அப்படி ஆரம்பித்து, பாண்டு, பிரிஃபர்டு ஷேர், அமெரிக்க ரயில்வே கம்பெனி என்று போய் மூன்று தடவை பாதியில் மூடிவைத்தேன். 1949இல் வந்த புத்தகம், அவர் கடைசியாகத் திருத்தியது 1973இல். உதாரணம் காட்டும் கம்பெனிப் பெயர்களில் பெரும்பாலானவை நமக்கு எதுவும் சொல்லாது. நேராக 8ஆம் அத்தியாயத்துக்குப் போ, பிறகு 20. இந்த இரண்டையும் கவனித்துப் படிக்கச் சொல்லி முன்னுரையில் பஃபெட்டே எழுதியிருக்கிறார்.

8இல் மிஸ்டர் மார்க்கெட் என்று ஓர் ஆள் வருகிறார். நம்ம ஊர்ப்படி சொன்னால், உன் கடையில் ஒரு பங்காளி. காலையில் ஷட்டர் தூக்கும்போதே வந்து நிற்பார். ஒரு நாள் குஷியாக, "உன் பங்க 20 லட்சத்துக்குக் குடுத்துரு" என்பார். மறுநாள் முகம் வெளிறி, "என் பங்க 9 லட்சத்துக்காவது எடுத்துக்கோ சாமி" என்பார். கடைக்குள் அதே பெயின்ட் டப்பா, அதே பிவிசி பைப். நீ பதிலே சொல்லாவிட்டாலும் கோபிக்காமல் நாளைக்கும் வருவார். ஜூன் 4 மத்தியானம் அவர் அழுதார், நீயும் கூடச் சேர்ந்து அழுதுகொண்டே கையெழுத்துப் போட்டாய்.

20ஆம் அத்தியாயத்தின் தலைப்பு 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி', அதாவது மதிப்பை விடக் குறைந்த விலைக்கு வாங்கி, நம் கணக்குத் தப்பினாலும் தாங்க இடம் விட்டுவைப்பது. நான் பிளாட்பாரத்தில் 120 ரூபாய்க்கு வாங்கிய திருட்டுக் காப்பியில் பக்கத்துக்கு மார்ஜினே கிடையாது. வரிகளின் கடைசி எழுத்து பைண்டிங்குக்குள் போயிருக்கும், ஊகித்துத்தான் படிக்கவேண்டும். நல்ல பதிப்பாக வாங்கிக்கொள்.

15 ஜூன் 2024

தம்பி தனிச்செய்தியில் கேட்டது: "அண்ணா, 8ஆம் அத்தியாயம் புரிஞ்சது. ஆனா புக் வேல்யூ, வொர்க்கிங் கேபிடல்னு வந்தா நின்னுடறேன்."

தப்பு என்னுடையது. 22 வருடமாகக் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன், முதலில் ஈரோட்டில் ஓர் ஆடிட்டர் ஆபீஸ், இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனி. அந்த வார்த்தைகளைப் பார்த்தால் எனக்குக் கண் நிற்பதே இல்லை, அதனால் மற்றவர்களுக்கு நிற்கும் என்பது மறந்துவிட்டது. போன வாரம் கொடுத்த வரிசையை அழித்துவிடு. முதல் புத்தகம், தமிழ்நாடு அரசுப் பாடநூல், பிளஸ் ஒன் கணக்குப்பதிவியல், தமிழ் வழி. இரண்டாவது, பிளஸ் டூ கணக்குப்பதிவியல். இணையத்தில் இலவசம். கிண்டல் பண்ணவில்லை.

பிளஸ் ஒன்னில் குறிப்பேடு, பேரேடு (கணக்கு வாரியாகப் பிரித்து எழுதுவது), இருப்பாய்வு (பற்றும் வரவும் மொத்தம் சமமாக வருகிறதா என்று பார்க்கும் பட்டியல்), தேய்மானம் (மெஷின் வாங்கிய விலையைப் பல வருடத்துக்குப் பிரித்துச் செலவாக எழுதுவது), இறுதிக் கணக்கு. பிளஸ் டூவில் முதல் பாடமே முழுமை பெறாப் பதிவேடுகள் பற்றியது. துண்டுச் சீட்டிலும் காலண்டரிலும் ஞாபகத்திலும் கணக்கு வைத்திருக்கும் வியாபாரிக்கு அந்த வருடம் லாபம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பது. உங்கள் அப்பா கடை அதேதான் என்று பந்தயம் கட்டுகிறேன்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், எண்கள் நான் வைத்தவை. ஏப்ரல் 1 அன்று கடையில் சரக்கு 6 லட்சம், வெளியே வரவேண்டிய பாக்கி 2.40 லட்சம், கையிலும் பேங்கிலும் 60 ஆயிரம். சரக்கு கொடுத்தவர்களுக்குத் தரவேண்டியது 3.50 லட்சம். ஆக முதல் (மூலதனம்) 5.50 லட்சம். அடுத்த மார்ச் 31 அன்று சரக்கு 7.20, பாக்கி 4.10, கையிருப்பு 20 ஆயிரம், தரவேண்டியது 5 லட்சம். முதல் 6.50 லட்சம். நடுவில் வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 வீதம் 3 லட்சம் எடுத்தாகிவிட்டது. 6.50உடன் 3ஐக் கூட்டி 5.50ஐக் கழித்தால் லாபம் 4 லட்சம்.

அப்பாவிடம் "4 லட்சம் லாபம்பா" என்று சொன்னால் அடிக்க வருவார். கல்லாவில் 20 ஆயிரம்தானே இருக்கிறது! லாபம் எங்கே போனது? வீட்டுக்குப் போனது போக, பாக்கியில் 1.70 லட்சமும் ரேக்கில் 1.20 லட்சமும் ஏறி உட்கார்ந்திருக்கிறது, அது போதாதென்று சரக்குக்காரர் கடனும் 1.50 லட்சம் கூடியிருக்கிறது. இதைக் கையால் ஒரு தடவை போட்டவனுக்கு வொர்க்கிங் கேபிடல் (இப்படிச் சரக்கிலும் பாக்கியிலும் சுற்றிக்கொண்டிருக்கும் பணம்) என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பாடப்புத்தகத்தில் 'பற்பல கடனாளிகள்' என்று ஒரு சொல் வரும். வகுப்பில் அதைப் படித்துச் சிரித்திருக்கிறோம். இப்போது எங்கள் ஆபீஸில் வேறு எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் அவர்களுக்கு வராது.

16 ஜூன் 2024

"பஃபெட் கேட்டா பிளஸ் ஒன் புக்கைக் கொடுக்கிறார்" என்று ஒருவர் சிரித்திருக்கிறார். பரவாயில்லை. எட்டு வருடம் ஷேர் வாங்கி விற்கிற ஒருவரிடம் போன மாதம் தேய்மானம் என்றால் என்ன என்று கேட்டேன். "மெஷின் தேயறது" என்றார். பணம் எந்த வருடம் வெளியே போனது, செலவு எந்த வருடம் எழுதப்படுகிறது என்று கேட்டேன். பேச்சை ஐபிஎல் பக்கம் மாற்றிவிட்டார்.

2 ஜூலை 2024

லிஞ்ச் பற்றி. இரண்டாவதாக வைத்திருந்தேன், இப்போது ஐந்தாவதுக்குத் தள்ளுகிறேன். புத்தகத்தின் மேல் குறை இல்லை, அதைப் படித்துவிட்டு நான் செய்ததன் மேல்தான்.

தினமும் கண்ணில் படும் கடையிலிருந்தே நல்ல கம்பெனியைக் கண்டுபிடிக்கலாம் என்பார் லிஞ்ச். எனக்குத் தலை கால் புரியவில்லை. பனியன் ஊரில் உட்கார்ந்திருக்கிறேன், உள்ளாடை கம்பெனி பற்றி என்னை விட யாருக்குத் தெரியும்? ஒரு பிராண்டு (பெயர் வேண்டாம்) எந்த ஊர் ஜவுளிக்கடைக்குப் போனாலும் ரேக் நிறைய இருந்தது. 310 ரூபாய்க்கு 200 ஷேர் வாங்கினேன். ரேக் ஏன் நிறைந்திருந்தது என்று யோசிக்கவில்லை. மார்ச் மாதம் டார்கெட்டுக்காக டீலர் தலையில் சரக்கைக் கட்டிவிடும் வழக்கத்துக்கு எங்கள் ஆபீஸிலேயே எத்தனை தடவை என் கையால் பில் போட்டிருக்கிறேன்! விற்பனை 11 சதவீதம் கூடியிருந்தது, வரவேண்டிய பாக்கி 40 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. ஆண்டறிக்கையில் அச்சிட்டே இருந்தது. நான் பார்த்தது முன்பக்கத்து போட்டோக்களை. 128இல் விற்றேன்.

லிஞ்ச் மேல் தப்பில்லை என்றேனே, பொருள் பிடித்திருப்பது ஆரம்பம்தான், பிறகு கணக்கைப் பார் என்று அவரே அதே புத்தகத்தில் எழுதியிருக்கிறார். பிடித்த பக்கத்தை மட்டும் நான் ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

இப்போது ஒரு வசதி. 2021-22 முதல் பாக்கியை வயது பிரித்துக் காட்டியாகவேண்டும். ஆறு மாதத்துக்குள், ஆறு மாதம் முதல் ஒரு வருடம், 1-2 வருடம், 2-3, அதற்கு மேல் என்று கட்டம் கட்டிப் போடுகிறார்கள். ஆண்டறிக்கையைக் கையில் எடுத்தால் சேர்மன் உரையைத் தாண்டி, பின்னால் இருக்கும் இந்தக் குறிப்புக்குப் போ.

18 ஜூலை 2024

இன்சூரன்ஸ் பற்றி நல்ல புத்தகம் கேட்டிருக்கிறார் மதுரைக்காரர். புத்தகம் வேண்டாம், கூட்டு வட்டி தெரிந்தால் போதும். சொந்தக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டு எனக்கு ஒரு பாலிசி போட்டுவிட்டார். வருடம் 50,000, இருபது வருடம். முடிவில் ஏறக்குறைய 17.36 லட்சம். "10 லட்சம் கட்டி 7 லட்சத்துக்கு மேல லாபம், 73 சதவீதம் மாப்ள" என்றார். மாப்பிள்ளை என்று கூப்பிட்டுவிட்டால் கால்குலேட்டரை எடுக்க முடியாது.

பிறகு எடுத்துப் போட்டேன். ஒவ்வொரு வருட ஆரம்பத்திலும் 50,000 போட்டு 5 சதவீதக் கூட்டு வட்டியில் இருபது வருடம் விட்டால் 17,35,963 ரூபாய் வரும். அவ்வளவுதான் அந்த 73 சதவீதம்.

24 ஜூலை 2024

நேற்று பட்ஜெட். ஷேர் நீண்டகால ஆதாய வரி 10இலிருந்து 12.5 சதவீதம், குறுகிய காலத்துக்கு 15இலிருந்து 20. விலக்கு 1 லட்சத்திலிருந்து 1.25 லட்சம். போன மாதம் புத்தகம் வாங்கியவர்கள் வரி பற்றிய அத்தியாயத்தை பென்சிலால் அடித்துவிடலாம். நம் ஊர் முதலீட்டுப் புத்தகங்களில் முதலில் கெட்டுப்போகும் பகுதி அதுதான், தயிர் மாதிரி.

11 ஆகஸ்ட் 2024

பஃபெட் கடிதம் எதைப் படிப்பது, நாற்பது சொச்சம் இருக்கிறதே என்று கேள்வி. ஒன்றே ஒன்று படிக்க நேரம் இருந்தால் 1983 கடிதம். நம்ம பக்கத்து ஆட்கள் கண்டிப்பாகப் படிக்கவேண்டும், ஏனென்றால் அது தறிக்கதை.

பெர்க்‌ஷயர் ஹாத்தவே (இன்றைய பஃபெட் கம்பெனி) முதலில் ஒரு ஜவுளி மில். அமெரிக்காவில் நியூ பெட்ஃபோர்ட் என்ற ஊரில். விலை மலிவாக இருக்கிறதென்று 1965இல் பஃபெட் நிர்வாகத்தைக் கையில் எடுத்தார். இருபது வருடம் மாரடித்தார். ஒவ்வொரு வருடமும் மேனேஜர் வருவார், இந்தப் புது மெஷின் வாங்கினால் இவ்வளவு மிச்சம் என்று கணக்குக் காட்டுவார். கணக்கும் சரியாகவே இருக்கும். ஆனால் பக்கத்து மில்காரனும் அதே மெஷினை வாங்குவான். மிச்சம் வந்த பைசா எல்லாம் விலைக்குறைப்பாகத் துணி வாங்குகிறவனுக்குப் போய்விடும். ஊர்வலம் பார்க்கிற கூட்டத்தில் ஒருவன் எம்பி நின்றால் தெரியும், எல்லோரும் எம்பினால் கால்தான் வலிக்கும் என்கிற மாதிரி ஒரு உவமை வரும்.

கடைசியில் மில்லை மூடினார்கள். வாங்கிய விலைக்கு 1.3 கோடி டாலர் மதிப்புள்ள மெஷின்கள். தேய்மானம் போகப் பேரேட்டில் 8.66 லட்சம் டாலர். ஏலத்தில் வந்தது 1,63,122 டாலர், ஏலச் செலவு போனால் அதுவும் இல்லை. 1981இல் ஒன்று 5,000 டாலருக்கு வாங்கிய தறியை 50 டாலருக்குக் கேட்க ஆள் இல்லை. 26 டாலருக்குக் காயலான் கடைக்குப் போனது. கழற்றி எடுத்துப் போகும் கூலிக்கே அது காணாது.

இதைப் படித்தபோது நான் ஆடிட்டர் ஆபீஸில் இருந்த காலம் கண்ணுக்கு வந்தது. பல்லடம் பக்கத்து கிளையன்ட் ஒருவர், எட்டுத் தறி. ஐந்தொகையில் (சொத்தும் கடனும் காட்டும் அறிக்கை) அந்தத் தறிகளுக்கு நேராக மதிப்பு எழுதியவன் நான்தான், 15 சதவீதம் தேய்மானம் கழித்து, ரூபாய் பைசா வரை சுத்தமாக. ஒரு மத்தியானம் அவர் வீட்டுக்கு ஃபைலில் கையெழுத்து வாங்கப் போனேன். வாசலில் மினி லாரி. காயலான் கடைக்காரர் தறியைப் பிரித்துப் பிரித்து எடை போட்டுக்கொண்டிருந்தார், வார்ப்பு இரும்பு தனி, மற்றது தனி. கிளையன்ட் திண்ணையில் உட்கார்ந்து கிலோ கணக்கை சிகரெட் அட்டையில் எழுதிக்கொண்டிருந்தார். என் கையிலிருந்த ஃபைலில் அதே எட்டுத் தறி 3 லட்சத்துச் சொச்சத்துக்கு நின்றுகொண்டிருந்தது. கையெழுத்து வாங்காமலே திரும்பி வந்தேன். மானேஜர் திட்டினார்.

ஜெயித்ததை எழுதியவர்கள் ஆயிரம் பேர். இவ்வளவு பெரிய ஆள் தன் தோல்வியை டாலர் கணக்கோடு எழுதி வைத்திருப்பதால்தான் இந்தக் கடிதத்தை முன்னால் வைக்கிறேன்.

12 ஆகஸ்ட் 2024

தவறு. ஒருவர் 1983 கடிதத்தைத் தேடிப் படித்துவிட்டு "தறியே காணோமே" என்கிறார். நான் சொன்னது 1985 ஆண்டுக்கான கடிதம், 1986 மார்ச்சில் எழுதியது. மில்லை மூட முடிவெடுத்தது 1985 ஜூலை. 1983இல் இருப்பது சீஸ் கேண்டீஸ் என்ற மிட்டாய்க் கம்பெனிக் கதை. 1972இல் 2.5 கோடி டாலருக்கு வாங்கியது. நற்பெயர் என்று கணக்கில் எழுதுகிறோமே, அது உண்மையில் எங்கே இருக்கிறது என்று விளக்குவார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒன்று தறி, ஒன்று மிட்டாய். போட்ட பணத்தைத் தறி சாப்பிட்டது, மிட்டாய் அவருக்குச் சோறு போட்டது. ஞாபகத்திலிருந்து எழுதினால் இப்படித்தான், மன்னிக்கவும்.

24 செப்டம்பர் 2024

பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபியின் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ், அதாவது பங்கின் வருங்கால விலை மேல் போடும் ஒப்பந்தங்கள்) ஆய்வு நேற்று வந்திருக்கிறது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருடத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். ஆப்ஷன் டிரேடிங்குக்கு நல்ல புத்தகம் கேட்ட இரண்டு பேருக்கும் இந்த அறிக்கையையே சிபாரிசு செய்கிறேன். விலை இல்லை, பக்கமும் குறைவு.

இதோடு ஒட்டி இரண்டு புத்தகம், முதல் பட்டியலில் நான் விட்டது.

தேபாஷிஸ் பாசுவும் சுசேதா தலாலும் எழுதிய 'தி ஸ்கேம்', 1993. 1992 பங்குச்சந்தை ஊழலில் சிக்கிய புரோக்கர் ஹர்ஷத் மேத்தா கதை எல்லோருக்கும் வெப் சீரிஸ் வழியாகத் தெரியும். புத்தகத்தில் கிடைப்பது குழாய் எப்படி ஓடுகிறது என்பது. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்கு அரசுப் பத்திரத்தை விற்கும்போது பத்திரத்தைக் கையில் கொடுக்காமல், 'விற்றிருக்கிறேன், பிறகு தருகிறேன்' என்று ஒரு சீட்டு கொடுக்கும். பேங்க் ரசீது. பத்திரமே இல்லாமல் சீட்டு மட்டும் அச்சடித்தால்? அந்தப் பணம் புரோக்கர் வழியாகப் பங்குச்சந்தைக்குப் போனால்? சென்செக்ஸ் 1992 ஏப்ரல் 22 அன்று 4,467இல் நின்றது, மறுநாள் காலை பேப்பரில் சுசேதா தலாலின் செய்தி. வங்கியியல் பாடப்புத்தகம் ஐந்து படித்தும் விளங்காதது இதில் எனக்கு விளங்கியது.

இன்னொன்று அமெரிக்கப் பங்குச்சந்தைச் சரிவு பற்றிக் கால்பிரெய்த் எழுதிய 'தி கிரேட் கிராஷ் 1929'. மெலிந்த புத்தகம், நக்கல் அதிகம். 104 டாலருக்குப் பொதுமக்களுக்கு விற்ற பங்கு இன்று என்ன விலை என்று செனட் கமிட்டி கேட்கிறது. ஏறக்குறைய 1.75 டாலர் என்று பதில். அந்தப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.

6 அக்டோபர் 2024

"ஷேர் மட்டுமே பேசறீங்க, பொருளாதாரம் எங்கே?" சரி.

சென் புத்தகத்தை ஏன் முதல் பட்டியலில் போட்டேன் என்றால், பொருளாதாரம் என்பது நிர்மலா சீதாராமன் படிக்கும் தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான். 1943 வங்கப் பஞ்சத்தை எடுக்கிறார். எல்லோரும் நினைப்பது அரிசி இல்லை, ஜனம் செத்தது. சென் வருடம் வருடமாகக் கணக்குப் போட்டு, 1943இன் உணவு வரத்து 1941ஐ விட ஏறக்குறைய 13 சதவீதம் அதிகம், 1941இல் பஞ்சம் இல்லையே என்கிறார். அந்தக் கணக்கை மறுக்கும் ஆய்வாளர்களும் உண்டு. யுத்தச் செலவால் நகரத்தில் காசு பெருகி அரிசி விலை ஏற, கூலி ஏறாத விவசாயத் தொழிலாளியும் மீனவரும் கடைக்கு வெளியே நின்று செத்தார்கள் என்பது அவர் வாதம். பசியால் சாகிறவனிடம் இல்லாமல்போவது அரிசியை வாங்கும் உரிமை. முழுப் புத்தகமும் லேசு இல்லை, பின்னிணைப்பில் கணிதம் வரும், தாண்டிப் போகலாம். வங்க அத்தியாயம் போதும். அந்தப் பஞ்சத்தைச் சாந்திநிகேதனில் ஒன்பது வயசுப் பையனாகப் பார்த்தவர் எழுதியது.

ஆடம் ஸ்மித்தின் 'வெல்த் ஆஃப் நேஷன்ஸ்' புத்தகத்தை முழுக்கப் படிக்காதீர்கள், 1776 நடை, தூக்கம் நிச்சயம். முதல் அத்தியாயம் மட்டும். குண்டூசிப் பட்டறையில் பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு ஒரு நாளில் 48,000 ஊசி செய்கிறார்கள், தனியாக ஒருவன் செய்தால் இருபதுகூடத் தேறாது. திருப்பூர் ஆட்களுக்கு அதைப் படிக்கவே வேண்டாம், கட்டிங் டேபிளிலிருந்து பவர் டேபிள், செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று ஒரு சுற்று நடந்தால் போதும். பத்து வருடம் காலர் மட்டுமே அடித்த டெய்லரிடம் தன் பையனுக்கு ஒரு முழுச் சட்டை தைக்கச் சொல்லிப் பாருங்கள். இதே ஸ்மித், ஒரே வேலையைச் செய்துகொண்டிருப்பவனின் புத்தி மழுங்கும் என்றும் பின்னால் எழுதியிருக்கிறார், அதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

7 அக்டோபர் 2024

காரைக்குடிக்காரர் ஒருவர் சண்டைக்கு வந்திருக்கிறார். வட்டி, முதல், ஹுண்டி (பணத்துக்கு எழுதித்தரும் சீட்டு) எல்லாம் எங்கள் ஆட்கள் கரைத்துக் குடித்தது, வெள்ளைக்காரன் புத்தகமாகவே அடுக்குகிறீர்களே என்று. நியாயம்.

ஆனால் அதற்கும் முதலில் சொல்லவேண்டியது வெள்ளைக்காரன் புத்தகம்தான்! டேவிட் ரட்னர், நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பற்றி, 1994. ஆராய்ச்சி நூல், மெதுவாகப் போகும். அதோடு சேர்த்துப் பர்மாக் கதையைத் தேடிப் படியுங்கள். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 6 சதவீதம், 1938இல் 25 சதவீதம். வாங்கிக் குவித்ததல்ல. நெல் விலை சரிந்து, கடன் வாங்கியவன் கட்ட முடியாமல், ஈடு வைத்த நிலம் வந்து தலையில் விழுந்தது. வட்டிக்காரருக்கு வேண்டியது பணம், கிடைத்தது வயல். யுத்தம் வந்ததும் அதுவும் போனது. கடனுக்கு ஈடு இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் படிக்கவேண்டியது.

தமிழில் வேண்டுமென்றால் ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்', 1959. நாவல்தான். பினாங்கு வட்டிக்கடை உலகம். நேதாஜியின் ஐ.என்.ஏ. படையில் துப்பாக்கி தூக்கியவன் இனி வட்டித்தொழிலுக்குச் சரிப்படமாட்டான் என்று முதலாளி எடைபோடும் இடம் இருக்கிறதே, ஆள் எடுப்பது பற்றி நான் படித்த எந்த மேனேஜ்மென்ட் புத்தகத்திலும் அவ்வளவு கறாராக வந்ததில்லை. சரி தவறு வேறு விஷயம்.

8 அக்டோபர் 2024

குறள் வராமல் ஓர் இழை முடியுமா? வந்துவிட்டது. 'ஆக்கம் கருதி முதலிழக்கும் செய்வினை ஊக்கார் அறிவுடை யார்.' போட்டவருக்கு நன்றி. எஃப் அண்ட் ஓ ஆப் திறக்கும்போது முதல் திரையில் இதைப் போடச் சொல்லி யாராவது மனுக் கொடுங்கள்.

5 ஜனவரி 2025

நந்தனம் புத்தகக் கண்காட்சிக்குப் போய்விட்டு வந்தேன். கோடீஸ்வரன் ஆகச் சொல்லித்தரும் அட்டைகள் வாசலிலேயே ஆள் உயரத்துக்கு. இண்டெக்ஸ் ஃபண்டு (சென்செக்ஸ் மாதிரி ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கிவைக்கும் ஃபண்டு) பற்றித் தமிழில் கேட்டேன், கடைப்பையன் எனக்கு அகராதி எடுத்துக் கொடுத்தான். சிங்காரத்துக்கு இன்னொரு காப்பி வாங்கினேன், பழையதை இரவல் வாங்கிப் போனவர் வீடு மாறிவிட்டார்.

பங்கைத் தேடித் தேர்ந்தெடுக்காதே, மொத்தச் சந்தையையும் இண்டெக்ஸ் வழியாக வாங்கிவிடு என்னும் மால்கீலை இன்னும் யாரும் எதிர்க்கவில்லையே என்று பார்க்கிறேன். என் சொந்தப் பணத்தில் பெரும்பகுதி இண்டெக்ஸில்தான் இருக்கிறது, மூன்றாவது இடத்தில் வைத்தது அதனால்தான். அந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்த ஜான் போகிள் 1976இல் ஃபண்டு ஆரம்பித்தபோது 15 கோடி டாலர் திரளும் என்று எதிர்பார்த்தார்கள், வந்தது 1.1 கோடிச் சொச்சம். போகிளின் முட்டாள்தனம் என்றே பெயர் வைத்தார்கள். ஆனால் ஒன்று, இந்தப் புத்தகத்தை இரண்டு பக்கத்தில் சொல்லிவிடலாம், மீதிப் பக்கங்கள் நம்மை நம்பவைப்பதற்கு. எனக்கு அந்த மீதிப் பக்கங்களும் தேவைப்பட்டன, உள்ளாடை ஷேர் வாங்கியவனாயிற்றே.

2 மார்ச் 2025

கேள்வி கேட்ட தம்பி எட்டு மாதம் கழித்துத் திரும்பியிருக்கிறார். செப்டம்பர் கடைசியில் 26,277 தொட்ட நிஃப்டி குறியீடு வெள்ளிக்கிழமை 22,124இல் முடிந்திருக்கிறது, தொடர்ந்து ஐந்தாவது மாதம் இறக்கம், எதற்காக வந்திருப்பார் என்று எனக்கே பக்கென்றது.

அவர் கேட்டது இது: "அண்ணா, அப்பா கடைக் கணக்க ஏப்ரல்ல இருந்து நோட்டுல பேரேடு போட்டு எழுதிட்டேன். இருப்பாய்வு 450 ரூபா இடிக்குது. மூணு நாளா தேடறேன். ஷேர் பக்கம் போகவே இல்ல."

450ஐ முதலில் பாதியாக்கு, 225. அந்தத் தொகை எங்காவது பற்றுக்குப் பதில் வரவில் ஏறியிருக்கிறதா பார். இல்லையென்றால் 9ஆல் வகு. மீதமில்லாமல் 50 வருகிறது. அப்படி வந்தால் எண்ணை இடம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். 50 வருவதால் மாறியது நூறாம் இடமும் பத்தாம் இடமும், அந்த இரண்டு இலக்கத்துக்கும் வித்தியாசம் 5. 2-7, 1-6, 3-8, 4-9 மாதிரி. அப்படி உள்ள தொகைகளை மட்டும் பில்லோடு ஒத்துப் பார், பத்து நிமிஷ வேலை.

3 மார்ச் 2025

கீல், தாழ்ப்பாள் வாங்கிய பில். 1,270ஐ 1,720 என்று ஏற்றியிருக்கிறார். எழுதியது அவர் இல்லையாம், அப்பாவாம்.